ஒரு சென்டிமீட்டர்

கோவளம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நேற்று நீ போனில் கேட்டதற்கு நான் "ம்… ம்…" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். பதில் இல்லாமல் இல்லை, அம்மாடி. பதில் நீளம். போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் சின்னவன் வந்து பிடுங்கிக்கொண்டு, "பெரிய தாத்தா, உங்க பூனை எங்க?" என்பான். அதனால்தான் காகிதம். உன் பெரியம்மா இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். எழுத்து கோணலாக இருந்தால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்.

நீ சொன்னதைச் சரியாகத்தான் வாங்கிக்கொண்டேனா பார். ஜூன் பள்ளி விடுமுறையில் செந்தோசாவுக்கு, யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பார்க்கப் போகிறீர்கள். பெரியவளுக்கு எட்டு வயது, 124 சென்டிமீட்டர். சின்னவனுக்கு நாலரை, 98. அவளுக்கு எல்லாவற்றுக்கும் பயம், அவனுக்கு எதற்கும் பயமில்லை. மாப்பிள்ளை, "அந்த நீலக் கலர் ரோலர் கோஸ்டரில் ஒரு தடவை ஏற்றி இறக்கிவிட்டால் பயம் தெளிந்துவிடும்" என்கிறார். அதற்கு 125 வேண்டும். தடிமனான ஷூ போட்டால் தீர்ந்தது என்கிறார். நீ என்னைக் கேட்டது, ஒரு சென்டிமீட்டரில் என்ன ஆகிவிடப் போகிறது என்று.

24 வருஷம் ரைடுகளோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் கேட்கிறாய். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பூங்காவில் ஃபிட்டர் வேலை. விடிந்ததும் விடியாததுமாக டிராக்கை ஒட்டி நடந்து, போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவேன். இறுகிய போல்ட்டின் சத்தம் வேறு, தளர்ந்ததன் சத்தம் வேறு. உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. பிறகு காலி வண்டியை ஓட்டிப் பார்ப்போம், மணல் மூட்டை ஏற்றி ஓட்டுவோம், கடைசியில் நாங்களே ஏறுவோம். காலை டீயைக் குடிப்பதற்கு முன்பே ரோலர் கோஸ்டரில் போய் வந்துவிடுவேன். ஆகவே இந்தக் கேள்விக்கு எனக்கு இரண்டு பதில் இருக்கிறது. ஒன்று ஃபிட்டர் சொல்வது, இன்னொன்று தகப்பன் சொல்வது. முதலில் ஃபிட்டர்.

காணும் பொங்கல் அன்று கூட்டம் தாங்காது. எங்களையும் பட்டறையிலிருந்து இழுத்து வாசலில் நிறுத்திவிடுவார்கள். ப்ளைவுட்டில் வெட்டிய ஒரு ஜோக்கர் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். அந்தக் கைக்குக் கீழே தலை போய்விட்டால் ஏற முடியாது. ஒரு வருஷம் ஒரு பையன் ஜோக்கர் கையைச் சரியாகத் தொட்டான். ஆனால் நடை சரியில்லை, கல்லில் நடப்பதுபோல நடந்தான். ஷூவைக் கழற்றச் சொன்னேன். உள்ளே மடித்து வைத்த தினசரிப் பேப்பர். அப்பா என்னிடம் சண்டைக்கு வந்தார். "டிக்கெட் வாங்கியிருக்கேன், என் பையன் பொறுப்பு எனக்கு, நான் பிடிச்சுக்கறேன்" என்றார்.

பிடிக்க முடியாது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி மடியில் வந்து இறங்கும் வண்டி இருக்கிறதே, அந்தக் கம்பி பெரியவரின் தொடையில் இடித்ததும் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் குழந்தையின் தொடைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. மேட்டின் உச்சியைத் தாண்டி வண்டி கீழே பாயும்போது உடம்பு ஆசனத்தை விட்டு எழும்பும். பெரியவரைக் கம்பி பிடித்துக்கொள்ளும், குழந்தைக்கு அந்தச் சாண் இடைவெளிதான் மிச்சம். பள்ளத்தில் போய் வளையும்போது நேர் எதிர். 20 கிலோ குழந்தை மூன்று மடங்கு கனத்தால் 60 கிலோ. ஒரு கையால் அணைத்துப் பிடிக்கிறேன் என்பது அரிசி மூட்டையை ஒற்றைக் கையால் எட்டிப் பிடிக்கிறேன் என்பதுபோல. தோளுக்கு மேலிருந்து இறங்கும் பூட்டாக இருந்தாலும், ஆளாளுக்குத் தனிக் கம்பியாக இருந்தாலும், அதைச் செய்தவன் இன்ன உயரத்து ஆள் உட்காருவான், முதுகு சாய்மானத்தில் படும், தோள் இங்கே வரும், முழங்கால் இங்கே மடங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்திருப்பான். உயரக்கோடு தைரியத்தை அளப்பதில்லை. உடம்பு அந்தக் கூட்டுக்குள் அடங்குமா என்பதை மட்டும் அளக்கிறது.

கழுத்தும் ஒரு காரணம். குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது, கழுத்து இன்னும் இறுகவில்லை. 1895-ல் அமெரிக்காவில் கோனி ஐலண்ட் என்ற கடற்கரையில் சுத்தமான வட்டமாக ஒரு வளையத்தைக் கட்டி அதில் வண்டியை ஓட்டினார்கள். வளையத்துக்குள் நுழைகிற இடத்திலேயே பளு ஒரேயடியாக விழுந்து, பெரியவர்களுக்கே கழுத்து பிடித்துக்கொண்டது. கொஞ்ச வருஷத்தில் மூடிவிட்டார்கள். இப்போது கட்டுகிற வளையங்களைக் கவனித்துப் பார்த்தால் வட்டமாக இருக்காது, நீர்த்துளி தலைகீழாக நிற்பது மாதிரி இருக்கும். பளு மெல்ல ஏறி மெல்ல இறங்குவதற்காக அந்த வடிவம். அந்த வித்தையைச் சரியாகப் பிடித்து, நிலைத்து ஓடும் வளையத்தைக் கட்டியது 1976-ல்தான்.

சரி, 124-க்கும் 125-க்கும்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எலும்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. கோட்டை எங்காவது போட்டாக வேண்டும், போட்டிருக்கிறார்கள். தடித்த ஷூவோடு உள்ளே போனால் அன்றைக்கு ஒன்றும் ஆகாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். ஃபிட்டர் இதற்கு மேல் பேசமாட்டான், விதி விதிதான் என்று சொல்லி அனுப்பிவிடுவான். மீதி தகப்பன் சொல்ல வேண்டியது.

பெரியவள் விவரமான குழந்தை. ஷூவை ஏன் மாற்றினார்கள் என்று அவளுக்குத் தெரியும். வரிசையில் நிற்கும் அரைமணி நேரமும் அவள் மனதில் ஓடுவது ஒன்றே ஒன்றாகத்தான் இருக்கும்: "இது எனக்குச் சேராத சீட்." காலைத் தொங்கவிட்டுக்கொண்டு 40 மீட்டருக்கு மேல் ஏறும்போதும், அந்த வண்டி அவளைத் தலைகீழாகப் புரட்டும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பாள். ஏற்கெனவே பயந்த பிள்ளைக்குப் பயப்படச் சரியான காரணம் ஒன்றையும் நாமே தேடிக் கொடுத்தது ஆகும்.

இன்னொன்று சொல்கிறேன், நான் சொன்னதை உன் அண்ணனிடம், அதுதான் என் மகனிடம், சொல்லாதே. அவனுக்கு ஆறு வயதிருக்கும். தீவுத்திடல் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போனேன். அப்போது எனக்கு வேலையில் புதுக் கிறுக்கு. எந்த ராட்டினத்தைப் பார்த்தாலும் பேரிங் எங்கே, மோட்டார் எங்கே என்று குனிந்து பார்ப்பேன். ஃபிட்டர் மகன் ராட்டினத்துக்குப் பயப்படுவதா என்று ஒரு வீம்பு. அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வேணாம்ப்பா" என்றான். "ஒண்ணுமே ஆகாதுடா, சும்மா மெதுவாத்தான் போகும், பயமா இருந்தா நிறுத்தச் சொல்லிடறேன்" என்றேன். மூன்றும் பொய். வேகமாகத்தான் போனது. அவன் அலறினான், நிறுத்தச் சொல்ல எனக்கு வழியில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். பக்கத்துத் தொட்டியில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தேன்.

அவன் அதற்காக என்னோடு கோபித்துக்கொள்ளவில்லை. பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்தேன், தின்றான். மறந்துவிட்டான் என்றே நினைத்தேன். மூன்று வருஷம் கழித்து சைக்கிள் கற்றுக்கொடுத்தேன். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியபடி, "விடமாட்டேன், மிதி" என்றேன். அவன் இறங்கி நின்றுவிட்டான். "அன்னிக்கும் இப்படித்தான் சொன்ன" என்றான். எனக்கு முதலில் எந்த அன்று என்றே விளங்கவில்லை. அவனுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தது கடைசியில் உன் அப்பா. கேட்டுப் பார்.

அதனால் நான் சொல்வது இதுதான், அம்மாடி. அவளை முதல் முறை ஏற்றுவது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்துப் பூட்டைப் போட்டுவிட யாராலும் முடியும். இறங்கிய பிறகு அவளாக "இன்னொரு தடவை" என்று கேட்க வேண்டும். அதற்கு ஏற்றாற்போல் முதல் தடவையை அமைக்க முடிகிறதா பார்.

அந்தப் பூங்காவில் அதற்கு வழி இருக்கிறது. நாங்கள் உன் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது நான் அங்கே முழு நாள் சுற்றினேனே. உன் பெரியம்மா களைத்துப் போய் நிழலில் உட்கார்ந்துவிட்டாள், நான் வாசல் பலகைகளைப் படித்துக்கொண்டே திரிந்தேன். ஷ்ரெக் கோட்டைப் பக்கம் என்சான்டட் ஏர்வேஸ் என்று சின்னதாக ஒரு டிராகன் வண்டி. நம் ஊர்ப் பொருட்காட்சி டிராகன் ட்ரெயினுக்கு அக்கா என்று வைத்துக்கொள். 92 சென்டிமீட்டர் இருந்தால் பெரியவர் துணையோடு ஏறலாம். ஆகவே இரண்டு பிள்ளைகளும் போகலாம். டைனோசர் பகுதியில் கேனபி ஃப்ளையர், அதற்கும் 92. ஆனால் அது தொங்குகிற வண்டி. காலுக்குக் கீழே தரை இருக்காது, பாதிப் பேர் பின்பக்கம் பார்த்தபடி உட்கார வேண்டும். புஸ் இன் பூட்ஸ் வண்டிக்கு 100, ஆகவே சின்னவனுக்கு இன்னும் 2 சென்டிமீட்டர் பாக்கி. மம்மி ரைடுக்கு 122. நீலமும் அதற்கு ஜோடியான சிவப்பும் 125. போகிற அன்று வாசலில் மறுபடி பார்த்துக்கொள். இவர்கள் ரைடையும் விதியையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனி. பெரியவள் 124, ஆகவே மம்மி ரைடுக்கு அனுமதி உண்டு. "நீலம் இல்லாவிட்டால் மம்மி" என்று மாப்பிள்ளை கிளம்புவார். வேண்டாம். அது இருட்டுக்குள் ஓடுவது. திடீரென்று பாயும், நடுவில் பின்னோக்கி இழுக்கும், பயமுறுத்துவதற்கென்றே பொம்மைகள். உயரத்துக்குப் பயப்படும் பிள்ளை வேறு, இருட்டுக்குப் பயப்படும் பிள்ளை வேறு, சத்தத்துக்கு மட்டும் பயப்படும் பிள்ளை வேறு. வேகத்தில் குதூகலிக்கிற சில பிள்ளைகள் இருட்டில் உறைந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். உன் மகளுடையது எது என்று உனக்காவது தெரியுமா? என்னிடம் "எல்லாவற்றுக்கும் பயம்" என்று மொத்தமாகச் சொன்னாய். எல்லாவற்றுக்கும் பயந்த குழந்தை என்று நான் ஒன்றைக்கூடக் கண்டதில்லை.

அதைத் தெரிந்துகொள்ள இப்போதே ஒரு வேலை செய். உங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் விளையாட்டுத் திடலில் ஊஞ்சல் இருக்கிறதல்லவா, அதில் அவளை ஆட்டிவிடு. ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தில் பலகை நம்மை விட்டு நழுவுகிற மாதிரி இருந்து, அடிவயிறு ஜில்லென்று ஆகும். ரோலர் கோஸ்டரின் ரகசியம் மொத்தமும் அந்த ஒரு கணம்தான். அதையே பெரிதாக்கி, நீட்டி, காசு வாங்கிக்கொண்டு தருகிறார்கள். அவள் அந்த இடத்தில் சிரிக்கிறாளா, முகம் சுளிக்கிறாளா, "மெதுவா" என்கிறாளா பார். சிரித்தால் அவளுக்கு வயிற்றில் பிரச்சினை இல்லை, பயம் வேறெங்கோ இருக்கிறது.

போய்ச் சேர்ந்ததும் நேராக வரிசையில் நிற்காதே. டிராகன் வண்டி தெரிகிற இடத்தில் உட்காருங்கள். நாலைந்து சுற்று பார்க்கட்டும். என் வேலைக் காலத்தில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரு சின்னப் பெண் வந்தாள், இரட்டைப் பின்னல். கூட வந்த பிள்ளைகள் எல்லாம் ஏறிவிட்டார்கள், இவள் மட்டும் கன்ட்ரோல் கேபின் பக்கத்தில் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். சாமி கும்பிடுகிறாளோ என்று நினைத்தேன். கேட்டேன். "எண்றேன் மாமா" என்றாள். கிளம்பியதிலிருந்து நிற்கும் வரை எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள்! மூன்றாவது சுற்றிலும் அதே எண் வந்ததும், போய் வரிசையில் நின்றாள். இறங்கும்போது என்னைப் பார்த்து, "கரெக்டா இருக்கு" என்றாள். பயத்தில் பாதி இது எப்போது முடியும் என்று தெரியாததுதான் என்று அந்தப் பெண்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தாள். பெரியவளையும் எண்ணச் சொல்.

சத்தங்களை முன்கூட்டியே சொல்லிவை. சங்கிலி இழுத்து மேலே ஏறும் வண்டிகளில் டக் டக் டக் என்று ஒரு சத்தம் வரும். ஏதோ உடைகிறது என்று பெரியவர்களே நினைப்பார்கள். வண்டி பின்னால் உருண்டுவிடாமல் ஒவ்வொரு பல்லாக ஏறி விழும் கொக்கியின் சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்கிறவரைக்கும் வண்டி பின்னால் போகாது என்று சொல். வண்டி பறந்துவிடுமா என்று கேட்டால், துடைப்பக் கட்டையை அவள் கையில் கொடுத்து இறுகப் பிடிக்கச் சொல். மேலே உள்ளங்கை, பக்கத்தில் விரல், அடியில் விரல் நுனி. சக்கரமும் அப்படியே தண்டவாளத்தை மேலே, பக்கவாட்டில், அடியில் என்று மூன்று பக்கம் கவ்விக்கொண்டிருக்கும். அடியில் ஓடும் அந்தச் சக்கரத்துக்கு 1919-ல் காப்புரிமை வாங்கியவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர். அவருக்கு எங்கள் பட்டறையில் ஒரு படம் மாட்டி வைத்திருக்க வேண்டும், நாங்கள் விநாயகரோடு நிறுத்திக்கொண்டோம்.

நடுவில் வண்டி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்பாள். கேட்காவிட்டாலும் சொல். பெரிய பூங்காக்களில் தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னால் போனது நகரவில்லை என்றால் பின்னால் வருவது தானாக நின்றுவிடும். சின்ன மழைத் தூறல், யாரோ தொப்பியைத் தவறவிட்டது, இதற்கெல்லாம்கூட ஆபரேட்டர் நிறுத்துவார். நின்றால் பழுது என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் பாதுகாப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். இதை அந்தரத்தில் நின்றுகொண்டு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். முந்தின நாள் ராத்திரி சோறு ஊட்டும்போது சொன்னால் நம்புவார்கள்.

"ஒண்ணுமே ஆகாது" என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுக்காதே. ஆகும். வயிறு ஜில்லென்று ஆகும், காதில் காற்று அறையும், பக்கத்தில் இருப்பவர் கத்துவார், இறங்கினால் கால் லேசாக ஆடும். இத்தனையும் ஆகும், பிறகு நின்றுவிடும் என்று சொல்.

எங்கே உட்காருவது? முதல் வரிசை பயங்கரம் என்று எல்லோரும் நடுவில் உட்காருவார்கள். கடைசி வரிசைதான் கடுமை. முன் வண்டிகள் இறங்கி இழுக்கும் வேகத்தில் கடைசி வண்டி மேட்டைத் தாண்டும்போது சுண்டி எறிகிற மாதிரி இருக்கும். நடு வரிசை மென்மை. ஆனால் எண்ணிப் பார்த்துவிட்டு ஏறுகிற ரகப் பிள்ளைக்கு நான் முன் வரிசையைத்தான் சொல்வேன், அதுவும் சின்ன வண்டியில். வருவது கண்ணில் தெரிய வேண்டும் அவர்களுக்கு. முன் ஆசனத்தின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு உட்காருவது அவர்களுக்குத் தண்டனை. எங்கள் சூப்பர்வைசர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார், அவருக்கு எல்லாப் பிள்ளைகளும் நடு வரிசைதான். கண்ணை மூடிக்கொண்டால் பயம் குறையும் என்று நினைப்பாள். கூடவும் செய்யலாம். காதுக்குள் இருக்கும் நீர் உடம்பு சாய்கிறது என்று சொல்லும், கண் ஒன்றும் சொல்லாது. கண்ணும் காதும் வேறு வேறு சேதி சொன்னால் குமட்டலும் வரும். தண்டவாளம் போகும் திசையைப் பார்க்கச் சொல், தலையைச் சாய்மானத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வாந்தி சுலபமாக வரும். கோப்பை மாதிரி வட்டம் சுற்றுகிற ரைடுகள் ரோலர் கோஸ்டரைவிட மோசம். சாப்பிட்ட கையோடு அதில் ஏற்றவே ஏற்றாதே. சுற்றுகிற ரைடில் நீ வெளிப்பக்கம், பிள்ளை உள்பக்கம். சுற்றும்போது உள்ளே இருப்பவர் வெளியே சரிவார். நீ உள்ளே இருந்தால் பிள்ளையின் மேல் போய் அப்புவாய்.

காலையில் இட்லி இரண்டு போதும். வரிசையில் நிற்கும் முன் பாத்ரூம். தளர்ந்த செருப்பு வேண்டாம். சளியோ காது வலியோ இருந்தால் அன்றைக்கு ரைடு வேண்டாம், மீன் காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வா. சிங்கப்பூரில் மதியத்துக்கு மேல் இடி மழை பிடித்தால் வெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், ஆகவே அவளுக்கு உரியதைக் காலையிலேயே முடித்துவிடு. காத்திருந்து காத்திருந்து மழையால் இல்லையென்று ஆனால், அடுத்த முறைக்கு இந்த மனசு வராது.

வரிசையின் நுனிக்குப் போன பிறகு, வண்டி எதிரில் வந்து நின்ற பிறகு, "வேணாம்மா" என்பாள். சொல்லாமல் இருந்தால் ஆச்சரியம். அங்கே பின்னால் நாற்பது பேர், முன்னால் அவசரப்படுத்தும் பணியாள், மாப்பிள்ளை முகத்தில் "இவ்வளவு நேரம் நின்றோமே." அந்த இடத்தில்தான் உன் திறமையெல்லாம் இருக்கிறது. ஒரு தடவை மட்டும் கேள்: "இந்த வண்டியை விட்டுட்டு அடுத்ததுல ஏறலாமா, இல்ல வெளில போலாமா?" இரண்டில் எதைச் சொன்னாலும் அதைச் செய். வெளியே போவதற்குத் தனி வழி இருக்கும், பணியாள் காட்டுவார். அவர்களுக்கு இது தினசரி நடப்பது. எங்கள் பூங்காவில் அந்த வழிக்கு நாங்கள் "பெரிய மனுஷங்க வழி" என்று பெயர் வைத்திருந்தோம். மீசை வைத்தவர்கள்தான் அதில் அதிகம் போவார்கள். இதையும் அவளிடம் சொல், சிரிப்பாள். தம்பியே ஏறிட்டான், உனக்கென்ன என்று யாரும் சொல்லக் கூடாது. பொம்பளப் பிள்ளை, பயப்படத்தான் செய்வாள் என்று ஆறுதல் சொல்வது அதைவிட மோசம்.

சின்னவனை நீ கேட்கவில்லை, எனக்கு அவனைப் பற்றித்தான் அதிகக் கவலை. பயந்த பிள்ளை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். பயமறியாதவன் கம்பிக்கு அடியில் நழுவிப் பார்ப்பான், எழுந்து நிற்கப் பார்ப்பான், கையை வெளியே நீட்டுவான். டிராகன் வண்டியில் அவனோடு நீயே உட்கார். "வண்டி நிக்கிற வரைக்கும் உன் முதுகு சீட்டை விட்டு வரக்கூடாது, வந்தா அடுத்தது கிடையாது" என்று விளையாட்டாகச் சொல்லாமல் சட்டமாகச் சொல். 100 வேண்டிய இடத்தில் 98 என்று அவனைத் திருப்பி அனுப்பும்போது அழுது புரளுவான். புரளட்டும். வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு, இன்னும் இவ்வளவு என்று காட்டு. அவன் தினமும் போய் நின்று பார்ப்பான். அதுவும் ஒரு ரைடுதான்.

பெரியவள் ஏறி இறங்கினால், உடனே "எப்படி இருந்துச்சு, பயந்தியா?" என்று மொய்க்காதீர்கள். தண்ணீர் கொடு. கொஞ்ச தூரம் நடக்கவிடு. அவளே பேசுவாள். வரும் வழியில் ரைடில் எடுத்த போட்டோவை விற்பார்கள். வாயைப் பிளந்துகொண்டு அழுகிற மாதிரி இருந்தால் வாங்காதே. வாங்கினாலும் நம் குடும்பக் குரூப்பில் போடாதே. உன் அத்தைகள் கிண்டலை ஆரம்பித்தால் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்வரை விடமாட்டார்கள். உன் அண்ணனுடைய தீவுத்திடல் கதையை இருபது வருஷம் சிரித்துச் சிரித்துச் சொன்னவன் நான். அவன் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை என்பதை வெகு தாமதமாகத்தான் கவனித்தேன்.

அவசரமே இல்லை. கோனி ஐலண்டில் தாம்சன் என்பவர் 1884-ல் காசு வாங்கி ஓட்டிய வண்டியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர். சைக்கிள்காரன் முந்திப் போவான். அதற்கே ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அங்கிருந்து நிலைத்து ஓடும் தலைகீழ் வளையம் வரைக்கும் வர 92 வருஷம். உன் மகள் மூன்று வருஷம் எடுத்துக்கொண்டால் என்ன?

எதில் ஏறினாள் என்று அவளையே எனக்கு எழுதச் சொல். ஏறவில்லை என்றால் எத்தனை சுற்று எண்ணினாள், ஒவ்வொரு சுற்றும் எத்தனை வினாடி என்று எழுதட்டும். எனக்கு அந்தக் கணக்கு வேண்டும், தொழில் புத்தி.

இப்படிக்கு,
பெரியப்பா

பின்குறிப்பு: மாப்பிள்ளைக்கு அந்த நீல வண்டிமேல் ஆசை இருப்பது எனக்குத் தெரிகிறது. தாராளமாகப் போகச் சொல். ஒருவர் பிள்ளைகளோடு நின்று பிறகு மாறிக்கொள்ளும் ஏற்பாடு உண்டா என்று வாசலில் கேட்டுக்கொள். அவர் போகும்போது பெரியவளைக் கீழே நிறுத்தி எண்ணச் சொல். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உன்னிடம் கொடுத்துவிட்டு ஏறட்டும்.